கருந்துளை சொல்லும் கம்பிக் கணக்கு

2024-ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி, காலை 9 மணி 10 நிமிடம். பழவேற்காடு ஏரிக்கு அப்பால், ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பி.எஸ்.எல்.வி. சி-58 ராக்கெட் கிளம்பியது. சூளூர்பேட்டைவாசிகளுக்கு ராக்கெட் புதிதல்ல. முதலில் வானில் ஒரு தீப்பிழம்பு. கொஞ்ச நேரம் கழித்து ஜன்னல் கதவைத் தட்டும் உறுமல். பார்த்துவிட்டு அவரவர் வேலையைக் கவனிக்கப் போய்விடுவார்கள்.

அன்று அந்த ராக்கெட் சுமந்து சென்ற செயற்கைக் கோளின் பெயர் எக்ஸ்போசாட். கருந்துளை, நியூட்ரான் நட்சத்திரம் போன்றவற்றின் அருகிலிருந்து வரும் எக்ஸ் கதிர்களை ஆராய்வது அதன் வேலை. அதிலுள்ள போலிக்ஸ் என்ற முக்கியக் கருவியைச் செய்தது பெங்களூர் ராமன் ஆராய்ச்சிக் கழகம்.

"கருந்துளையைப் பார்த்து நமக்கு என்ன சார் லாபம்? கரண்டு பில்லு குறையுமா?" என்று ஸ்டேஷன் பக்கத்து டீக்கடையில் ஒருவர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? கேள்வி நியாயமானதுதான். வரிப் பணம் கொடுப்பவர் கேட்கத்தான் செய்வார்.

இன்றைய தேதிக்கு ஒரு பைசாகூடக் குறையாது என்பதே நேர்மையான பதில். ஆனால் கேள்வி கேட்டவர் தம்மையறியாமலே ஒரு பெரிய விஷயத்தைத் தொட்டுவிட்டார். கருந்துளைக்கும் கரண்டுக்கும் உண்மையிலேயே ஒரு சம்பந்தம் இருக்கிறது. கடந்த சில பத்தாண்டுகளாகப் பௌதிக விஞ்ஞானிகளில் ஒரு சாரார், சில உலோகங்களில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்பதைக் கருந்துளைக் கணக்கைக் கொண்டு கணித்து வருகிறார்கள். அந்த விந்தையைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

கம்பிக்குள் நடப்பது என்ன?

சூளூர்பேட்டை பிளாட்பாரத்தில் சென்னை வண்டிக்காக நிற்கும்போது தலைக்கு மேலே பாருங்கள். 25,000 வோல்ட் மின்சாரம் பாயும் செம்புக் கம்பி ஓடுகிறது. ரயிலை இழுக்கும் மின்சாரத்தில் ஒரு பகுதி வழியிலேயே கம்பியைச் சூடாக்கி வீணாகிறது. இதற்குக் காரணம் கம்பியின் மின்தடை.

மின்தடை எப்படி உண்டாகிறது? 1900-ஆம் ஆண்டில் ஜெர்மன் விஞ்ஞானி பால் ட்ரூட் ஒரு விளக்கம் சொன்னார். உலோகத்துக்குள் எலெக்ட்ரான்கள் சுதந்திரமாகத் திரிகின்றன. மின்னழுத்தம் கொடுத்தால் ஒரு பக்கமாக ஓடுகின்றன. போகும் வழியில் முட்டி மோதுகின்றன. மோதும்போது சூடு பிறக்கிறது. மாலை ஆறு மணிக்குச் சென்ட்ரல் நிலையத்தில் ஜனங்கள் இடித்துக்கொண்டு போவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். இடித்தாலும் ஒவ்வொருவரும் தனித்தனி ஆள். அவரவர் பாதையை நாம் கண்ணால் தொடர முடியும். பின்னால் வந்த குவாண்டம் பௌதிகம் இந்தச் சித்திரத்தைத் திருத்தியது. ஆனால் தனித்தனி ஆள் என்ற அடிப்படையை மாற்றவில்லை. செம்பு, அலுமினியம், வெள்ளி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு சரியாக வருகிறது.

கம்பி சூடேறினால் தடை கூடும்; குளிர்ந்தால் குறையும். 1911-ல் ஹாலந்து நாட்டு விஞ்ஞானி காமர்லிங் ஓன்ஸ் பாதரசத்தைப் பூஜ்யத்துக்குக் கீழே 269 டிகிரி சென்டிகிரேடு வரை குளிரவைத்தபோது தடை அடியோடு மறைந்துவிட்டது. இதற்கு மீக்கடத்தல் என்று பெயர். மீக்கடத்தியில் ஓடும் மின்சாரம் வீணாகாது. ஆஸ்பத்திரிகளில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கும் இயந்திரத்துக்குள் இருக்கும் காந்தம் இந்தத் தத்துவத்தில்தான் இயங்குகிறது. ஆனால் அதைக் குளிர்விக்கத் திரவ ஹீலியம் தேவை. அது விலை மிகுந்த சரக்கு.

பிடிபடாத உலோகம்

1986-ல் ஸ்விட்சர்லாந்தில் பெட்னார்ஸ், முல்லர் என்ற இருவர் செம்பும் ஆக்ஸிஜனும் கலந்த ஒருவகைப் பீங்கானில் மீக்கடத்தலைக் கண்டார்கள். மறு ஆண்டே, பூஜ்யத்துக்குக் கீழே 180 டிகிரியில் மீக்கடத்தியாகும் பொருள் வந்துவிட்டது. இதற்கு ஹீலியம் வேண்டாம். மலிவான திரவ நைட்ரஜன் போதும். இருவருக்கும் 1987-லேயே நோபல் பரிசு கிடைத்தது. இந்தப் பொருள்களுக்கு அந்த ஆண்டிலேயே விளக்கம் தேடிப் புறப்பட்டவர்களில் நம்மவர் ஒருவரும் உண்டு. பின்னாளில் சென்னைத் தரமணியிலுள்ள கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன், அமெரிக்காவின் பிலிப் ஆண்டர்சனோடு சேர்ந்து எழுதிய கட்டுரை உலகப் புகழ் பெற்றது.

ஆனால் ஒரு சிக்கல் இன்றுவரை தீரவில்லை. இந்தப் பொருள்கள் மீக்கடத்தியாக மாறுவதற்கு முன்பு, அதாவது சற்று வெதுவெதுப்பாக இருக்கும்போது, எந்த உலோகத்தையும் போல இல்லை. வெப்பநிலை எவ்வளவு ஏறுகிறதோ, மின்தடையும் அதே விகிதத்தில் நேர்கோடாக ஏறுகிறது. செம்பிலும் சாதாரண வெப்பநிலையில் ஏறக்குறைய இப்படித்தான். ஆனால் நன்றாகக் குளிரவைத்தால் செம்பின் கோடு வளைந்துவிடும். இவற்றின் கோடு மிகுந்த குளிரிலும் வளைவதில்லை. ஆகவே "விசித்திர உலோகம்" என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

திருமலையில் பிரம்மோற்சவத்தின்போது கருட சேவையன்று மாட வீதியில் நின்றிருக்கிறீர்களா? அங்கே யாரும் தானாக நடப்பதில்லை. கூட்டம் தள்ளிக்கொண்டு போகிறது. தனி ஆள் என்ற பேச்சே கிடையாது. மொத்தக் கூட்டமும் ஒரு திரவம் போல நகர்கிறது. விசித்திர உலோகத்தில் எலெக்ட்ரான்களின் நிலை இதுதான் என்று கருதப்படுகிறது. அறை வெப்பநிலையில் ஒரு வினாடியைச் சுமார் 40 லட்சம் கோடிக் கூறுகளாக்கினால் வரும் ஒரு கூறுக்குள் அவை தங்கள் வேகத்தை மறந்து கலந்துவிடுகின்றன. இதைவிட விரைவாகக் கலக்கக் குவாண்டம் விதிகள் இடம் தரா என்பது பலருடைய கருத்து. கோடானுகோடி எலெக்ட்ரான்களையும் ஒரே சமயத்தில் கணக்கில் எடுக்க வேண்டும். பெரிய கம்ப்யூட்டரும் திணறும்.

ஒரே கணக்கு, இரண்டு பேரேடு

கணக்கு ஓரிடத்தில் சிக்கினால் அனுபவமுள்ள குமாஸ்தா என்ன செய்வார்? வேறொரு பேரேட்டை எடுத்துப் பார்ப்பார். சூளூர்பேட்டையில் ஒரு கடை முதலாளி தெலுங்கில் பேரேடு எழுதுகிறார். அதே வியாபாரத்துக்கு அவருடைய குமாஸ்தா தமிழில் வேறு முறையில் ஒரு பேரேடு வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொழி வேறு, பத்திகள் வேறு, வரிசை வேறு. ஆனால் கடைசியில் நிற்கும் பாக்கி ஒன்றே. ஒன்றில் நூறு வரிகளில் சிதறிக் கிடக்கும் விவரம் மற்றொன்றில் ஒரே வரியில் இருக்கலாம். இரண்டுக்கும் நடுவே ஓர் அகராதி மட்டும் வேண்டும்.

1997-ஆம் ஆண்டு ஜுவான் மால்டசேனா என்ற அர்ஜென்டைனா நாட்டு இளைஞர், இயற்கையிலும் இப்படி இரண்டு பேரேடுகள் உண்டு என்று எழுதினார். ஒரு பேரேட்டில், ஒன்றோடொன்று பலமாகப் பின்னிக் கிடக்கும் துகள்கள். அங்கே ஈர்ப்பு விசை என்ற சொல்லே இல்லை. மற்றதில் ஈர்ப்பு விசை உண்டு, கருந்துளை உண்டு. கூடுதலாக ஒரு திசையும் உண்டு. நீளம், அகலம் மட்டும் உள்ள ஒரு தகட்டின் கணக்கு, இரண்டாவது பேரேட்டில் நீளம், அகலம், ஆழம் உள்ள பெட்டியின் கணக்காக எழுதப்படுகிறது. வங்கி அட்டையில் மின்னும் சிறு படத்தைப் பாருங்கள். தகடு தட்டை, படத்திலோ ஆழம் தெரிகிறது. அதற்கு ஹோலோகிராம் என்று பெயர். ஆகவே இந்தக் கொள்கைக்கும் ஹோலோகிராம் இருமை என்றே பெயர் வந்தது.

இதற்கு வித்திட்டவையே கருந்துளைகள்தாம். ஒரு மூட்டையில் எவ்வளவு அரிசி பிடிக்கும் என்பது மூட்டையின் கொள்ளளவைப் பொறுத்தது. கருந்துளைக்குள் எவ்வளவு விவரம் அடங்கும் என்பதோ அதன் கொள்ளளவை அல்ல, மேற்பரப்பை, அதாவது சாக்குத் துணியின் பரப்பைப் பொறுத்தது என்று 1972-ல் ஜேக்கப் பெக்கன்ஸ்டீன் வாதித்தார். கருந்துளைக்கு வெப்பநிலையும் உண்டு என்று 1974-ல் ஸ்டீபன் ஹாக்கிங் காட்டினார்.

வெப்பநிலை உள்ள பொருள் என்றாகிவிட்டது. அப்புறம் உலோகத்தோடு அதை ஒப்பிட என்ன தடை?

அகராதியைப் புரட்டுவோம்

உலோகத்தின் வெப்பநிலை என்று முதல் பேரேட்டில் இருந்தால், இரண்டாவதில் அது கருந்துளையின் வெப்பநிலை. உலோகத்திலுள்ள எலெக்ட்ரான்களின் அடர்த்தி, அங்கே கருந்துளை சுமக்கும் மின்னேற்றம். உலோகத்துக்கு நாம் கொடுக்கும் சிறு மின்னழுத்தம், அங்கே பெட்டியின் விளிம்பில் கிளப்பிவிடும் ஒரு சிற்றலை. அலை உள்ளே போகிறது. ஒரு பகுதி திரும்பி வருகிறது. மறு பகுதி கருந்துளைக்குள் விழுந்து மறைகிறது. விழுந்தது திரும்பாது. உலோகப் பேரேட்டில் அதுதான் சூடாகி வீணான மின்சாரம்! விளிம்பிலிருந்து பார்த்து, கொடுத்த அழுத்தத்துக்கு எவ்வளவு மின்னோட்டம் கிடைத்தது என்று வகுத்தால், மின்கடத்துதிறன் கையில் வந்துவிடுகிறது. கோடானுகோடி எலெக்ட்ரான்களின் கணக்கு ஒரே ஓர் அலையின் கணக்காகச் சுருங்கிவிட்டது.

வாசகர்கள் ஒன்றைத் தவறாக எண்ணிவிடக் கூடாது. கம்பிக்குள் கருந்துளை உட்கார்ந்திருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கருந்துளை இருப்பது கணக்கில், பேரேட்டில்.

2007-ல் ஹெர்சாக், கோவ்டன், சச்தேவ், சோன் ஆகிய நால்வர் இந்த வழியில் மின்கடத்துதிறனைக் கணக்கிட்டார்கள். இவர்களில் சுபீர் சச்தேவ் இந்தியாவில் பிறந்தவர். அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர். டாம் தான் சோன் வியட்நாமில் பிறந்தவர். இருவரும் 2018-ஆம் ஆண்டுக்கான டிராக் பதக்கத்தைப் பெற்றவர்களில் அடங்குவர். 2008-ல் ஹார்ட்னால், ஹெர்சாக், ஹொரோவிட்ஸ் மூவரும் இன்னொரு படி மேலே போனார்கள். குறிப்பிட்ட அளவுக்குக் கீழே குளிர்ந்தால் கருந்துளையைச் சுற்றி ஒரு போர்வை போலப் படலம் உண்டாகிறது. அந்தக் கணமே மறு பேரேட்டில் உலோகம் மீக்கடத்தியாகிறது! பழைய வகை மீக்கடத்திகளில் எலெக்ட்ரான் ஜோடியைப் பிரிக்கத் தேவையான சக்தி, மாறும் வெப்பநிலையின் அளவில் சொன்னால் மூன்றரை மடங்கு. இவர்கள் கணக்கில் வந்ததோ ஏறக்குறைய எட்டு மடங்கு. செம்பு ஆக்ஸைடுகள் சிலவற்றில் அளந்து கண்டதும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது.

ரயில்வே கணக்கரின் மகன்

இந்தக் கணக்குகளுக்குப் பாதை போட்டவர்களில் இருவரை நாம் மறக்கலாகாது.

ஒருவர் எஸ். சந்திரசேகர். 1910-ல் லாகூரில் பிறந்தார். தமிழ்க் குடும்பத்துப் பிள்ளை லாகூரில் பிறப்பானேன்? அவர் தந்தை அங்கே வடமேற்கு ரயில்வேயின் கணக்குத் தணிக்கை அதிகாரி! பிழைப்புக்காக வேறு மாநிலத்தில் குடியிருக்கும் நமது வாசகர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்துவிட்டு, 1930-ல் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர், பயணத்திலேயே நட்சத்திரங்களின் முடிவைப் பற்றிக் கணக்குப் போட்டார். சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்குக்கு மேல் எடையுள்ள வெண்குள்ள நட்சத்திரம் நிலைத்திருக்க முடியாது என்று விடை வந்தது. 1935-ல் பெரியவர் எடிங்டன் சபையிலேயே அதை எள்ளினார். சந்திரசேகருக்கு நோபல் பரிசு கிடைத்தது 1983-ல்! அதே ஆண்டில் கருந்துளைகளின் கணிதம் பற்றி அவர் எழுதிய பெருநூலும் வெளிவந்தது. கருந்துளையைச் சற்றே அசைத்தால் அலைகள் எப்படிப் பரவும் என்பதே அந்நூலின் பெரும் பகுதி. மின்கடத்துதிறனைக் கணக்கிடுவோர் இன்று போடுவதும் அதே வகைச் சமன்பாடுகள்தாம்.

மற்றவர் பெங்களூர்க்காரர் சி.வி. விஸ்வேஸ்வரா. கருந்துளையைத் தட்டினால் கோவில் மணி போல அதிர்ந்து, சீக்கிரமே ஓய்ந்துவிடும் என்று 1970-ல் கண்டு சொன்னார். மணி எவ்வளவு நேரத்தில் ஓய்கிறது என்பது, மறு பேரேட்டில், கலைக்கப்பட்ட துகள் கூட்டம் எவ்வளவு விரைவில் அமைதி அடைகிறது என்பதற்குச் சமம் என்று 2000-ஆம் ஆண்டில் தெரிய வந்தது. 2015-ல் அமெரிக்காவில் ஈர்ப்பு அலைகள் பிடிபட்டபோது, இரு கருந்துளைகள் ஒன்றான பின் எழுந்த அந்த அதிர்வும் பதிவாயிற்று. அதைக் காணும் பாக்கியம் விஸ்வேஸ்வராவுக்குக் கிடைத்தது. 2017-ல் அவர் காலமானார்.

1978-ல் பிரெஞ்சு விஞ்ஞானி டமூர் இன்னொன்றும் சொன்னார். வெளியிலிருந்து பார்ப்பவருக்குக் கருந்துளையின் மேற்பரப்பு 377 ஓம் தடையுள்ள ஒரு மெல்லிய தகடு போலத் தோன்றும். ஓம் கணக்கு! எலெக்ட்ரீஷியன் மீட்டரில் பார்க்கும் அதே ஓம்.

பெங்களூரில் ஒரு சோதனை

எல்லாம் காகிதக் கணக்குதானா, சோதித்துப் பார்த்தவர் உண்டா என்று கேட்கலாம்.

வீட்டுப் பாத்திரங்களை நினைத்துக்கொள்ளுங்கள். செம்புப் பாத்திரம் சீக்கிரம் சூடேறும்; செம்பு மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். எவர்சில்வர் இரண்டிலும் மந்தம். உலோகத்தில் சூடும் மின்சாரமும் ஜோடியாகப் போகும் என்ற இந்த விதியை 1853-லேயே வீடெமான், பிரான்ஸ் இருவரும் கண்டார்கள். இரண்டையும் சுமப்பவை அதே எலெக்ட்ரான்கள் என்பதே காரணம்.

எலெக்ட்ரான்கள் தனி ஆட்களாக இல்லாமல் திரவமாகிவிட்டால் இந்த ஜோடி பிரிய வேண்டும். 2007-ல் சச்தேவும் நண்பர்களும் அத்தகைய திரவத்தில் மின்சாரமும் சூடும் எப்படி ஓடும் என்பதை நேர்வழியிலும் கருந்துளை வழியிலும் கணக்கிட்டார்கள். விடைகள் ஒத்துப் போயின. சோதனைக்கு வசதியான பொருள் கிராபீன். ஒரே ஓர் அணுவின் கனம் கொண்ட கரித் தகடு அது. பென்சில் குச்சியின் கிராபைட்டிலிருந்து உரித்தெடுக்கலாம். 2016-ல் ஹார்வர்டில் அளந்தபோது, விதி சொன்னதைவிடப் பத்து மடங்குக்கு மேல் வேறுபாடு தெரிந்தது. 2025-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தார், ஜப்பானியரோடு சேர்ந்து, மிகத் தூய்மையான கிராபீனில் மேலும் நுட்பமாக அளந்தார்கள். மின்கடத்துதிறன் ஏறியபோது வெப்பக் கடத்துதிறன் இறங்கியது! வேறுபாடு 200 மடங்குக்கும் மேல். எலெக்ட்ரான்கள் ஏறக்குறைய பிசுபிசுப்பே இல்லாத திரவமாக ஓடின. இவ்வகைத் திரவத்தின் பிசுபிசுப்பு எவ்வளவு குறைவாக இருக்கலாம் என்பதற்கு அளவுகோலாக விஞ்ஞானிகள் வைத்திருக்கும் எண், கருந்துளைக் கணக்கிலிருந்து வந்ததுதான்.

குறையையும் சொல்ல வேண்டும்

மால்டசேனாவின் கூற்று எண்ணற்ற சோதனைக் கணக்குகளில் தேறியிருக்கிறது. ஆனால் முழுமையாக நிரூபிக்கப்படவில்லை. அதைவிட முக்கியமாக, செம்பு ஆக்ஸைடுக்கு உரிய சரியான இரண்டாவது பேரேடு எது என்று யாருக்கும் தெரியாது. விஞ்ஞானிகள் கையாள்வது ஒரு மாதிரிக் கணக்கு. எந்தச் சரக்கை எந்த விகிதத்தில் கலந்தால் நல்ல மீக்கடத்தி கிடைக்கும் என்று அது சொல்லாது. கணக்கில் வரும் எளிய உலோகத்தில் அணுக்களின் அடுக்கே கிடையாது. மேடு பள்ளத்தைத் தனியாகச் சேர்க்க வேண்டியிருக்கிறது. ஆகவே, இதனால் செம்பு ஆக்ஸைடின் புதிர் விடுபடும் என்பதை நம்பாத விஞ்ஞானிகளும் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

ஆயினும், நேர்கோடாக ஏறும் தடை எதனால் என்று ஒருநாள் விளங்கிவிட்டால், அந்தப் பொருள்கள் ஏன் மீக்கடத்திகளாகின்றன என்பதும் விளங்கக்கூடும். அது விளங்கினால் குளிர்பதனமே வேண்டாத மீக்கடத்தியைக் குருட்டாம்போக்கில் தேடாமல் திட்டமிட்டுத் தேடலாம். அப்படி ஒரு கம்பி கிடைத்தால், மின் நிலையத்திலிருந்து வீடு வரை வழியில் வீணாகும் மின்சாரம் மிச்சமாகும். இத்தனை "ஆல்"களையும் தாண்டி வர வேண்டும். வருமா என்பதற்கு இன்று யாரும் உத்தரவாதம் தர முடியாது.

டீக்கடை நண்பருக்கு நாம் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: "அண்ணே, கரண்டு பில்லு இப்போதைக்குக் குறையாது. ஆனால் கப்பலில் உட்கார்ந்து நட்சத்திரக் கணக்குப் போட்ட அந்த ரயில்வே அதிகாரியின் மகனிடம், இதனால் என்ன லாபம் என்று 1930-ல் கேட்டிருந்தால், கம்பியில் ஓடும் கரண்டைப் பற்றி அவராலும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க முடியாது."

அடுத்த முறை கிழக்கே அந்த உறுமல் கேட்கும்போது, பிளாட்பாரத்தில் நின்றபடி மேலேயும் ஒருமுறை பாருங்கள். அங்கே ஓடும் செம்புக் கம்பியின் கணக்கு நமக்குத் தெரியும். அதன் உறவுக்காரனான செம்பு ஆக்ஸைடின் கணக்கு இன்னும் முடியவில்லை. பேரேடு திறந்தபடியே இருக்கிறது.